நடுவர் முன் நிற்கும் ஐந்து நிமிடம்

தொடர்: கோர்ட் வாசல் – 7

கைதின்போது ஸ்டேஷனில் என்ன நடக்க வேண்டும், எது நடக்கக் கூடாது என்று சென்ற வாரம் பார்த்தோம். இனி ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தலைகால் புரியாமல் போவது இந்த இடத்தில்தான். "கோர்ட்ல ஆஜர்படுத்துவாங்கம்மா" என்று ஏட்டு சொல்வார். எந்தக் கோர்ட், எத்தனை மணிக்கு, நாங்களும் வரலாமா என்று கேட்டால் தெளிவான பதில் வராது. கேட்கவே பயந்து ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிடுபவர்கள் ஏராளம். அதற்குள் ஆளை ஜீப்பில் ஏற்றி, நடுவர் முன் நிறுத்தி, காவலில் வைக்கும் உத்தரவான ரிமாண்ட் வாங்கி, கிளைச் சிறைக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள்.

தயவுசெய்து அப்படி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு கிரிமினல் வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது பல ஆண்டுகள் கழித்து நடக்கும் குறுக்கு விசாரணை மட்டுமல்ல. முதல் நாள் நடுவர் முன் கழியும் அந்த ஐந்து நிமிடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினவே தவிர, இந்த 24 மணி நேரக் கெடு மாறவில்லை. சிக்கல் கெடுவில் இல்லை, எப்போதிலிருந்து கணக்கிடுவது என்பதில் இருக்கிறது. காலையில் வீட்டுக்கு வந்து "சும்மா விசாரணைக்குத்தான்" என்று கூட்டிப்போய், மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சுற்றித் திரிந்தபோது பிடித்ததாக எழுதுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

முன்பெல்லாம் இப்படி ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்று யாராவது ஓடிவந்தால், வக்கீல்கள் முதலில் தபால் ஆபீசுக்குத்தான் அனுப்புவார்கள். "இன்ன நேரத்தில், இன்ன ஸ்டேஷன் போலீசார் என் மகனை அழைத்துச் சென்றார்கள்" என்று எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் தந்தி அடிக்க வேண்டும். நேரத்துக்கு அரசாங்க முத்திரையே சாட்சி. 2013 ஜூலையோடு தந்திச் சேவை நின்றுபோனது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் செய்யும். எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் நேரம் குறிப்பிட்டு இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். தெருவிலோ கடையிலோ சிசிடிவி இருந்தால் அந்தப் பதிவு அழிவதற்குள் ஒரு பிரதி வாங்கிவிடுங்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் ஸ்டேஷன்களிலும் கேமரா பொருத்தச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி நடுவரிடம் மனு கொடுக்கலாம்.

கோர்ட் வேலை நேரம் முடிந்துவிட்டாலோ, விடுமுறை நாள் என்றாலோ, நடுவரின் வீட்டுக்கே அழைத்துப் போவார்கள். முன்னறையில் ஒரு மேசை இருக்கும். எஃப்.ஐ.ஆர்., கைதுக் குறிப்பு, அரசு ஆஸ்பத்திரி டாக்டரின் சான்று, ரிமாண்ட் அறிக்கை எல்லாவற்றையும் எஸ்.ஐ. ஒரு கட்டாக நீட்டுவார். இரண்டு பக்கமும் கான்ஸ்டபிள்கள் நிற்க, நடுவில் நம் ஆள். செருப்பு இருக்காது. முந்தின நாள் சட்டையே உடம்பில் இருக்கும். நடுவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து கேட்பார். பெயர் என்ன? எப்போது பிடித்தார்கள்? வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா? வக்கீல் இருக்கிறாரா? போலீஸ் அடித்தார்களா?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் வருகிற பதில், "இல்லீங்கய்யா." முதுகு வீங்கியிருக்கும், வாய் இல்லை என்று சொல்லும். காரணம் எல்லோருக்கும் தெரியும். திரும்பவும் அதே ஜீப்பில், அதே ஆட்களோடுதான் போக வேண்டும். "நடுவர்கிட்ட ஏதாவது சொன்னே, அப்புறம் பாரு" என்று வழியிலேயே சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள். ஆனால் அந்த "இல்லீங்கய்யா" ரிமாண்ட் உத்தரவில் ஏறிவிடுகிறது. பிறகு ஆறு மாதம் கழித்து ஹைகோர்ட்டில் அடித்தார்கள் என்று எத்தனை அழுத்திச் சொன்னாலும், அன்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் முதலில் வரும். காயம் இருந்தால் காட்டுங்கள். சட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டுமென்றால் கழற்றுங்கள். நடுவர் அதைப் பதிவு செய்து மறுபடி டாக்டரிடம் அனுப்ப முடியும்.

நடுவர் முன் நிறுத்துவதைச் சடங்காக நடத்தினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குள் போனார்கள். மறுநாள் மருத்துவச் சான்றும் வாங்கப்பட்டது, ரிமாண்ட் உத்தரவும் ஆனது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன அந்த இருவரும் ஜூன் 22-லும் 23-லும் அடுத்தடுத்து இறந்தார்கள். டாக்டரும் நடுவரும் அந்த உடல்களை உற்றுப் பார்த்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அதே வழக்கில் ஹைகோர்ட் மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவரிடம்தான், பெண் தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொன்னார். உண்மை வெளியே வர அந்தச் சாட்சியம் எவ்வளவு உதவியது என்பது ஊரறிந்தது. ஒரு நடுவருக்குச் சட்டம் தந்திருக்கிற கண்ணும் காதும் சாதாரணமானவை அல்ல.

போலீஸ் கேட்டுவிட்டதாலேயே ரிமாண்ட் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நடுவருக்குக் கிடையாது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணம் சரியா என்று நடுவர் பார்க்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதுக்கான காரணங்களை, அந்த ஆளுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றும், ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்றும் 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கின் தீர்ப்பு சொல்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் கையில் இங்கிலீஷ் பேப்பரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அது செல்லாது என்று வாதாட இனி வழியிருக்கிறது. அந்த வாதத்தை ரிமாண்ட் நேரத்தில் வைக்க ஒரு வக்கீல் வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், "எனக்கு இலவச வக்கீல் வேணும்யா" என்று நடுவரிடமே கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலேயே சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். இது யாரும் போடுகிற பிச்சை அல்ல. கூச்சப்படாமல் கேளுங்கள்.

ரிமாண்ட் ஆனால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 15 நாள். அது முடிய முடிய நீட்டிப்பார்கள். பல சமயம் சிறையிலிருந்தே வீடியோவில் முடிந்துவிடும். குடும்பம் கோர்ட்டில் காத்திருந்து ஆளைப் பார்க்காமல் திரும்புவது அதனால்தான்.

அடுத்தது ஜாமீன். எஃப்.ஐ.ஆரில் போட்டிருக்கும் பிரிவு ஜாமீனில் விடக்கூடியதா என்பதை முதலில் பாருங்கள். விடக்கூடியது என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். சாலை விபத்தில் ஒருவர் இறந்து, அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்ற, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு போட்டிருந்தால்கூட அது ஜாமீனில் விடக்கூடியதுதான். இது தெரியாமல் உள்ளே போய்விட்டு வந்த டிரைவர்கள் உண்டு. மற்றக் குற்றங்களுக்கு நடுவர் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய வழக்கென்றால் பெரும்பாலும் செஷன்ஸ் கோர்ட், அங்கேயும் இல்லையென்றால் ஹைகோர்ட். பெண்கள், சிறுவர்கள், நோயாளிகள் விஷயத்தில் நடுவருக்கே கூடுதல் அதிகாரம் உண்டு.

"பெயில் கிடைச்சிருச்சு" என்று வக்கீல் போனில் சொன்னதும் வீட்டில் பாயசம் வைத்துவிடுவார்கள். ஆனால் ஆள் அன்று வரமாட்டார். நம் ஊர் உத்தரவுகளில் வழக்கமாக இருக்கும் வாசகம், பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், சில சமயம் அதில் ஒருவர் ரத்த உறவு. ஜாமீன்தாரர் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆள் ஓடிப்போனால் கட்டுகிறேன் என்று பொறுப்பேற்கிறார். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் வேண்டும். நடுவர் முன் நின்று, "இவர் உங்களுக்கு என்ன உறவு, ஓடிட்டா நீங்க பணம் கட்டணும், தெரியும்ல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். பேப்பர் சிறைக்குப் போய்ச் சேரும்போது லாக்அப் நேரம் தாண்டிவிட்டால், விடுதலை மறுநாள் காலையில்தான்.

வாடகை வீட்டுக்காரருக்கு, வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவருக்கு, குடும்பம் கைவிட்டவருக்கு இரண்டு ஜாமீன்தாரர் எங்கே கிடைப்பார்கள்? இந்த அநியாயத்தை 1978-லேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் பார்த்துவிட்டார். மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவர் சகோதரர் வந்து நின்றபோது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தில் அவரை விடச் சொன்னது. அத்தனை வருடம் கழித்தும், ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஜாமீன்தாரர் இல்லாததால் சிறையில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாமல் போனால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம் என்றது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமாயிருந்து ஒரு வாரத்துக்குள் ஜாமீன் தர முடியவில்லை என்றால் அவரை வசதியற்றவராகவே கருதி விட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் "ஜாமீன்தாரர் நான் ரெடி பண்ணித் தர்றேன்" என்று வருகிற ஆட்களிடம் காசு கொடுக்காதீர்கள். போலி ஆவணம் என்று தெரியவந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும்.

வெளியே வந்த பிறகு தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து போடச் சொல்லியிருப்பார்கள். தினக்கூலிக்காரருக்கு அது ஒவ்வொரு நாளும் அரை நாள் சம்பளம். சில வாரங்கள் ஒழுங்காகப் போட்டுவிட்டு, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடுங்கள். மனுப் போடாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஜாமீன் மறுக்கப்பட்டவர்கள் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துவைக்க வேண்டும். குற்றத்தைப் பொறுத்து, பெரும்பாலும் 60 நாளிலோ 90 நாளிலோ, போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், வழக்கு எத்தனை கடுமையானதாக இருந்தாலும் ஜாமீன் உரிமையாகிவிடும். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அந்த உரிமை கேட்டால்தான் வரும். கெடு முடிந்தும் நீங்கள் மனுப் போடாமல் இருந்து, இடையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் வாய்ப்பு போயிற்று. சென்னையிலிருந்து போன எம்.ரவீந்திரன் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மனு முதலில் வந்துவிட்டால், அதே நாளில் பிறகு என்ன தாக்கல் செய்தாலும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டதும், அதுவரை ஸ்டேஷன் குற்ற எண்ணாக இருந்தது சி.சி. நம்பராகும். செஷன்ஸுக்குப் போக வேண்டியது பி.ஆர்.சி. நம்பரோடு தொடங்கும். ஆவணங்களின் நகல் இலவசமாகக் கிடைக்கும். பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. வர முடியாத நாளில் வக்கீல் மூலம் மனுப் போடாவிட்டால் பிடிவாரண்ட் பிறக்கும். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு, அலைச்சல் மிச்சம்" என்று யாராவது சொன்னால் அன்று மட்டும் வேண்டாம், ஒரு நாள் யோசியுங்கள். ஐந்நூறு ரூபாய் அபராதமும் தண்டனைதான். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் பையனை அது எத்தனையோ வருடம் துரத்தும்.

இந்த இதழைப் படித்ததும் 15100 என்ற எண்ணை உங்கள் போனில் "சட்ட உதவி" என்று பதிந்து வையுங்கள். வீட்டில் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் அவர்கள் போனிலும் பதிந்து, கைது என்று கேள்விப்பட்டால் முதலில் இதற்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அடுத்த வாரம், ஜாமீன் கிடைக்கும் நேரத்தில் சிறைக்குள்ளேயே வந்து சேர்கிற குண்டர் சட்ட உத்தரவைப் பற்றிப் பேசுவோம்.