கோடை வெயிலைப் பூமிக்குள் சேர்த்து வைத்த ஊர்

கனடாவின் கால்கரியில் குளிர் எலும்பைத் துளைக்கிற நாள்கள் பெரும்பாலும் மேகமே இல்லாத நாள்கள்தான். வானம் நீலமாக இருக்கும், வெயிலில் கண் கூசும், வெளியே மைனஸ் 25 டிகிரி. மேகம் இருந்தால் தரையின் சூட்டைக் கொஞ்சமாவது பிடித்து வைக்கும். அது இல்லாத இரவில் இருந்த சூடெல்லாம் வானத்துக்கே போய்விடும். மகனைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பர்னஸைச் சரிபார்க்கப் போன என்னிடம் ஜன்னலைக் காட்டிக் கேட்டார்: “ஏந்தம்பி, இம்புட்டு வெயிலு அடிக்குதே, இதை வெச்சு வீட்டைச் சூடு பண்ண முடியாதா? எதுக்கு மாசாமாசம் கேஸுக்குக் கொட்டிக் குடுக்குறாங்க?”

வீட்டு ஹீட்டிங் வேலை பார்க்கும் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. முடியும் என்பதுதான் என் பதில். இதே ஆல்பர்ட்டா மாநிலத்தில் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் கூரையில் நாலு பேனலை மாட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பவர்களுக்கு, சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

சிக்கல் வெயிலின் அளவில் இல்லை, அது வரும் காலத்தில் இருக்கிறது. கால்கரி வட அட்சரேகை 51 டிகிரியில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். அப்போது வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவையே இல்லை. டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட முழுசாக இருக்காது. உச்சிவேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து பதினாறு டிகிரி உயரத்தைத் தாண்டாது. பர்னஸ் மூச்சுவிடாமல் ஓடுவது அப்போதுதான். வரவு ஒரு பருவத்தில், செலவு இன்னொரு பருவத்தில்.

கூரையில் ஏறும் பேனலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த மின்சாரப் பேனல். விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். இன்னொன்று சூட்டுப் பேனல். கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் தகடு, தகட்டோடு ஒட்டிய குழாய்கள், குழாய்க்குள் உறையாமல் இருக்கக் கிளைக்கால் என்ற திரவம் கலந்த தண்ணீர். இது நல்ல வெயிலில் பாதிக்கும் மேற்பட்டதைச் சூடாகவே பிடித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளின் மாடியில் குளியலுக்குத் தண்ணீர் காய்ச்சும் சோலார் ஹீட்டரும் இந்தக் குடும்பம்தான். ஆனால் மின்சாரத்தைப் போலச் சூட்டைக் கம்பியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்ப முடியாது. அங்கேயே செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே சேர்த்து வைக்க வேண்டும்.

அப்படிச் சேர்த்து வைத்த இடம்தான் டிரேக் லேண்டிங். கால்கரிக்குத் தெற்கே ஒகோடோக்ஸ் என்ற சிறு ஊரில், 52 வீடுகள் கொண்ட குடியிருப்பு. கனடா அரசின் இயற்கை வளத்துறை முன்நின்று, வீடு கட்டுபவர்களையும் கேஸ் நிறுவனத்தையும் நகராட்சியையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கியது. 2007-ல் ஓடத் தொடங்கியது. வீடுகளுக்குப் பின்னால் வரிசையாகக் கார் ஷெட்டுகள். அவற்றின் கூரைகளில், தெற்கு பார்த்துச் சாய்வாக, 800 சூட்டுப் பேனல்கள்.

அங்கே சேமித்த விதத்தைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். குடியிருப்பின் ஓர் ஓரத்தில் 35 மீட்டர் அகல வட்டத்துக்குள் 144 துளைகள் போட்டார்கள், ஒவ்வொன்றும் 37 மீட்டர் ஆழம். நம் ஊர் போர்வெல்லைப் போலத்தான், ஆனால் தண்ணீர் எடுப்பதற்கு இல்லை. ஒவ்வொரு துளைக்குள்ளும் அடிவரை போய் வளைந்து மேலே வரும் பிளாஸ்டிக் குழாய். கோடையில் பேனல் பிடித்த சூடு அந்தக் குழாய்த் தண்ணீர் வழியாகப் பூமிக்குள் இறங்கும். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தண்ணீர் ஓடும், ஆகவே நடு மண்தான் அதிகம் காயும். கோடை முடியும்போது அது 80 டிகிரியை நெருங்க வேண்டும் என்பது கணக்கு. பனிக்காலத்தில் ஓட்டத்தைத் திருப்பிவிடுவார்கள்: தண்ணீர் விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்து சூடேறும், அந்தச் சூடு வீடுகளுக்குப் போகும். மேலே வெப்பம் தடுக்கும் அடுக்கைப் பரப்பி, மண் மூடி, பூங்காவாக்கிவிட்டார்கள். அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி அடுத்த போகம்வரை எடுத்துச் சாப்பிடுவது போன்ற ஏற்பாடு.

மண் மெதுவாகத்தான் சூட்டை வாங்கும். நண்பகலில் 800 பேனலும் சேர்ந்து தள்ளும் சூட்டை அதால் உடனே விழுங்க முடியாது. அதனால் இடையில் ஒரு கட்டடத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு, மொத்தம் 240 கன மீட்டர். பகலில் வருவதைத் தொட்டி பிடித்துக்கொள்ளும், இரவெல்லாம் நிதானமாகப் பூமிக்கு அனுப்பும். அவசரத்துக்கு கேஸ் பாய்லரும் உண்டு.

அங்கே ஒரு வீட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது காற்று வரும் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தேன். சாதாரண கேஸ் பர்னஸ் ஓடும் வீட்டில் அந்த இடத்தில் கை சுடுகிற மாதிரி இருக்கும். இங்கே வெறும் வெதுவெதுப்பு. ஆனால் அறை சுகமாக இருந்தது. வீட்டுக்கு வந்த தண்ணீரே நாற்பது டிகிரிக்கு முன்னே பின்னேதான். அந்த வெதுவெதுப்பை வைத்தே வீடு முழுவதையும் காப்பதற்காகப் காற்றைச் சூடாக்கும் குழாய்ச்சுருளைப் பெரிதாக வைத்து, காற்றை நிறைய, மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். சுவரும் கூரைக்குக் கீழுள்ள அட்டிக்கும் அன்றைய சட்டம் கேட்டதைவிடக் கூடுதலாகக் காப்பிட்டவை. ஜன்னல் இடுக்கில் காற்று நுழையவில்லை. ஓட்டை வீடாக இருந்தால் அந்த நாற்பது டிகிரித் தண்ணீர் எந்த மூலைக்கும் காணாது.

முதல் பனிக்காலத்தில் தேவையில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் சூரியன் கொடுத்தது. மண்ணே முதலில் காய வேண்டுமே, அதற்குச் சில கோடைகள் பிடித்தன. ஐந்தாவது ஆண்டில் 97 சதவீதம். 2015-16 பருவத்தில் வீடுகளைச் சூடாக்கத் தேவைப்பட்டது முழுவதும், நூற்றுக்கு நூறும், சூரியனிடமிருந்தே வந்தது. மைனஸ் 30-ஐத் தொடும் ஊரில்! உலகில் வேறெந்தக் குடியிருப்பும் அதுவரை எட்டாத அளவு அது.

2024-ல் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பேனல்களும் குழாய்களும் பழுதாக ஆரம்பித்தன. மாற்றுப் பாகம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. வீடுகள் கேஸ் பர்னஸுக்கு மாறின. எனக்கு அது பெரிய வருத்தம். “பாத்தீங்களா, சோலார் தோத்துப்போச்சு” என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பதினேழு ஆண்டுகள் ஓடிய ஏற்பாடு அது. எந்த பர்னஸும் அந்த வயதில் மாற்றத்தைக் கேட்கும். இடறியது அளவில். பூமிக்குள் அனுப்பும் சூட்டில் ஒரு பெரும் பங்கு பக்கவாட்டில் கசிந்துவிடும். சேமிப்பு பெரிதாகப் பெரிதாக, கொள்ளளவோடு ஒப்பிட்டால் கசியும் பரப்பு குறையும். 52 வீடு என்பது சோதனைக்குப் போதும், பிழைத்து நிற்கப் போதாது. அதிலும் ஆல்பர்ட்டாவில் கேஸ் மலிவு.

அளவை வைத்தே டென்மார்க் இதில் ஜெயித்திருக்கிறது. அங்கே பல ஊர்களில் வெந்நீர்க் குழாய் தெருவெல்லாம் ஏற்கெனவே போகிறது. வொயன்ஸ் என்ற ஊரில் சுமார் 70,000 சதுர மீட்டர் பேனலும், இரண்டு லட்சம் கன மீட்டர் தண்ணீர் கொள்ளும், மேலே மூடிய குழியும் இருக்கின்றன. கோடையில் காய்ந்த தண்ணீர் அந்தக் குழியில் பனிக்காலத்துக்குக் காத்திருக்கிறது. ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் இது. தனி வீட்டின் கொல்லையில் நாலு துளை போட்டால் சூடு நாலு பக்கமும் ஓடிவிடும்.

அப்படியானால் தனி வீட்டுக்காரர் என்ன செய்வது? கேட்பவர்களுக்கு நான் சொல்வது மின்சாரப் பேனலும் ஹீட் பம்ப்பும். ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யைத் திருப்பி வைத்தது மாதிரி வேலை செய்யும். வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும். மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு தரும். குளிர் ஏற ஏற அது குறையும். கடும் குளிருக்கென்று செய்த பம்ப்புகளும் மைனஸ் 25 வாக்கில் திணறும். அதனால் பழைய பர்னஸைப் பிடுங்கி எறியாமல் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 1,200 முதல் 1,300 யூனிட் தரும். கோடையில் மிஞ்சுவதை மின்கம்பிக்கு விற்று, பனிக்காலத்தில் திரும்ப வாங்கலாம். பூமிக்குப் பதில் இங்கே மின்கம்பி சேமிப்பாகிறது, கணக்குப் புத்தகத்தில்.

பேனலுக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். கதவில் பெரிய விசிறியை மாட்டி உள்காற்றை வெளியே இழுத்தால், எந்த இடுக்கில் குளிர்காற்று சீறுகிறது என்று கையாலேயே தெரியும். பிளக் பாயிண்ட், அட்டிக் மூடி, அடித்தளத்துச் சுவர் விளிம்பு: பெரும்பாலும் இவைதான் குற்றவாளிகள். ஒரு டியூப் அடைப்புப் பசையும் அட்டிக்கில் இன்னொரு அடுக்கு காப்பும் செய்யும் மிச்சத்தை எந்தப் பேனலாலும் அதே விலைக்குச் செய்ய முடியாது. அதன் பிறகு பேனல்காரர் விலைப்பட்டியலோடு வரும்போது, ஆண்டு மொத்தத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டிசம்பரில் எத்தனை யூனிட் வரும், பனி மூடிக்கிடக்கும் நாள்களைக் கழித்தாரா, உங்கள் ஹீட் பம்ப் அந்த மாதத்தில் எத்தனை யூனிட் இழுக்கும் என்று மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.