வாஷிங் மெஷினுக்கு என்ன நோய்?



நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் ஒருநாள் திடீரென நின்றுவிட்டால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா தலையில் கை வைப்பார். அப்பா மெக்கானிக்குக்கு போன் போடுவார். நீங்கள், 'நாளைக்கு யூனிபார்முக்கு என்ன செய்வது?' என்று விழிப்பீர்கள். சரிதானே!

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. எங்கள் வீடு தஞ்சாவூர் கரந்தையில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது வடவாற்றுப் படித்துறைதான் எங்கள் வாஷிங் மெஷின். துணிகளை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போய், கல்லில் அடித்துத் துவைத்து, படியிலேயே காயப் போட்டு மடித்து வருவோம். அது ரிப்பேர் ஆனதே இல்லை!

இப்போது மெஷின் காலம். கோடை விடுமுறை முடியும் நேரம். மெஷினைப் போட்டால் விளக்கு எரிகிறது. 'உர்ர்' என்று மெல்லிய சத்தம் வருகிறது. ஆனால், தண்ணீர் இறங்கவில்லை. சிறிது நேரத்தில் 'பீப்... பீப்...' என்று கத்திவிட்டு நின்றுவிட்டது.

மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். ''போர்டு போயிருக்கும் சார். 4,500 ரூபாய் ஆகும். நாளைக்கு வர்றேன்'' என்றார். ஓய்வூதியத்தில் வாழ்கிறவனுக்கு 4,500 ரூபாய் என்பது சிறிய தொகையா?

அப்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கேட்டாள்: ''தாத்தா, மெஷின் கெட்டுப்போச்சா, இல்லே தண்ணி மட்டும் வரலையா? வாளியில மொண்டு நாமளே ஊத்திப் பார்ப்போமா?''

இத்தனை வருடம் அறிவியல் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை! வாளி வாளியாக ஊற்றினோம். தண்ணீர் அளவுக்கு வந்ததும் மெஷின் தானாகவே துவைக்கத் தொடங்கியது. அப்படியென்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது; போர்டும் வேலை செய்கிறது. கோளாறு, தண்ணீர் நுழையும் வழியில்தான்!

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடினேன். மெஷினின் பின்பக்கம் ரப்பர் குழாய் மாட்டும் இடத்தில் கட்டை விரல் நகம் அளவு ஒரு சல்லடை இருக்கும். அதில் சேறு அப்பிக் கிடந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் மாடித் தொட்டியைக் கழுவினோம். அடியில் படிந்திருந்த வண்டல் கலங்கி, குழாய் வழியாக இறங்கிவிட்டது. காவிரி வண்டல் வயலுக்கு வரம், சல்லடைக்குப் பகை!

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். தண்ணீர் கொட்டியது. செலவு, ஒரு பைசா இல்லை. மறுநாள் வந்த மெக்கானிக்கும், ''நேர்ல பார்க்காம சொன்னது என் தப்புதான் சார்'' என்று சிரித்தார்.

நோய் என்ன, அதன் காரணம் என்ன, அதைத் தீர்க்கும் வழி என்ன என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்கிறார் திருவள்ளுவர். மனிதருக்குச் சொன்னதுதான், மெஷினுக்கும் பொருந்துகிறது பாருங்கள்!

முதல் பாடம் பாதுகாப்பு

மற்றதைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில மாதம் கழித்து, ஈரக் கையால் மெஷினின் மூடியைத் தொட்டேன். 'சுள்' என்று விரலில் இறங்கியது. ''ஈரக் கையால தொட்டா அப்படித்தாங்க இருக்கும்'' என்றார் வீட்டம்மா. இல்லை! அப்படி இருக்கவே கூடாது.

எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டினேன். மூன்று பின் பிளக்கில் மேலே தடிமனாக ஒரு பின் இருக்கிறது அல்லவா? அதுதான் 'எர்த்'. மெஷினுக்குள் மின்சாரம் கசிந்தால், அது நம் உடம்பு வழியாகப் போகாமல் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டுச் சுவர் பிளக்கில் அந்த ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இணைக்கவில்லை! வெறுங்காலுடன் ஈரத் தரையில் நின்று என் பேத்தி தொட்டிருந்தால்... நினைக்கவே நடுக்கமாக இருந்தது. கசிவு எங்கே என்று கண்டுபிடித்துச் சரி செய்தார். எர்த் கம்பி போட்டார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியையும் பொருத்தினார்.

எனவே, இலேசாக 'சுள்' என்றாலும் மெஷினைத் தொடாமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். கீழே சொல்லும் எதையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்!

இனி, ஒவ்வொரு நோயாகப் பார்ப்போமா?

1. மெஷின் உயிரே இல்லாமல் கிடக்கிறதா?

பிளக்கில் வேறு ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கும் எரியாவிட்டால் குறை மெஷினில் இல்லை. சுவிட்சிலோ, பியூசிலோ இருக்கலாம். விளக்கு எரிந்தால் அடுத்து மூடியைப் பாருங்கள். மூடி சரியாக மூடாவிட்டால் பல மெஷின்கள் ஓடாது. இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பிழியும் தொட்டி சுற்றாததற்கும் பெரும்பாலும் மூடிதான் காரணம். அதன் அடியில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. சுற்றும் தொட்டியில் யாரும் கை விட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. அதை ஏமாற்றி ஓட்ட நினைக்காதீர்கள்!

2. அழுக்குத் தண்ணீர் வெளியேறவில்லையா?

முன்பக்கக் கதவு உள்ள மெஷினில், கீழே மூலையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் வடிகட்டி. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். பிறகு ஒரு தட்டை வைத்து, மெதுவாகத் திருகுங்கள். சட்டைப் பொத்தான், ஊக்கு, ஒரு ரூபாய் நாணயம், உங்கள் பேனா மூடி... எல்லாம் கிடைக்கும்!

வெளியேறும் குழாயையும் பாருங்கள். முன்கதவு மெஷினில் ஒரு பம்பு தண்ணீரை மேலே தள்ளுகிறது. குழாயின் முனை தரையிலிருந்து சுமார் 2 முதல் 3 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மேலே மூடி உள்ள மெஷின்கள் பலவற்றில் பம்பு கிடையாது. தண்ணீர் தானாக வடிய வேண்டும். அங்கே குழாயைத் தரையோடு சரிவாகப் போட வேண்டும். தூக்கிக் கட்டினால் தண்ணீர் நின்றுவிடும். உங்கள் மெஷின் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள்.

3. பேய் பிடித்த மாதிரி ஆடுகிறதா?

இங்கே ஒரு கணக்கு! 48 செ.மீ. விட்டமுள்ள தொட்டி நிமிடத்துக்கு 1,000 முறை சுற்றினால், ஓரத்தில் ஒட்டியிருக்கும் பொருளின் மீது அதன் எடையைப் போல் 250 மடங்குக்கும் அதிகமான விசை செயல்படும். அதனால்தான் துணியிலுள்ள தண்ணீர் ஓட்டைகள் வழியே வெளியே பாய்கிறது. ஆனால், ஒரு பக்கம் மட்டும் அரை கிலோ கூடிவிட்டால்? 130 கிலோ எடை அந்தப் பக்கம் இழுப்பது போல ஆகிவிடும். ஆடாமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு கனமான போர்வையைப் போட்டால் அது ஒரு பக்கம் சுருண்டு கொள்ளும். கூடவே இரண்டு துண்டுகளைப் போட்டுப் பரப்பி வையுங்கள். பிறகு, மெஷினின் எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால், எந்தக் கால் தரையில் படவில்லையோ அதைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். புதிதாக வந்த முன்கதவு மெஷின் குதித்தால், லாரியில் வரும்போது ஆடாமலிருக்கப் பின்பக்கம் போட்ட போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று கேளுங்கள்.

4. 'உம்' என்று முனகுகிறது, சுற்றவில்லையா?

உடனே நிறுத்துங்கள். துணி அளவுக்கு மேல் இருக்கலாம். சுழலும் தட்டின் அடியில் கைக்குட்டை மாட்டியிருக்கலாம். வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் பெல்ட்டோ, 'கப்பாசிட்டர்' என்ற பாகமோ பழுதாகியிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை. கப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். எனவே, மெஷினின் முதுகுப் பலகையைக் கழற்றவே கூடாது!

5. துணி விறைக்கிறதா? வெள்ளைத் திட்டு விழுகிறதா?

இது தண்ணீரின் குணம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருந்தால் அது கடின நீர். வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாகவும் இருக்கும். இரும்புப் பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெந்நீர் வசதியுள்ள மெஷினில், ஹீட்டரின் மேல் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும்.

கையேடு அனுமதித்தால், துணி போடாமல் சிறிது எலுமிச்சை உப்பை மட்டும் போட்டு வெந்நீரில் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். ஆனால், எலுமிச்சை உப்பையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். மூச்சு முட்டும்!

6. நுரை பொங்குகிறதா? நாற்றம் வருகிறதா?

கையால் துவைக்கும் பவுடரை முன்கதவு மெஷினில் போட்டால் நுரை கட்டுக்கடங்காது. சில நேரம் வெளியே வழியும். மெஷினுக்கான பவுடரை அளவோடு போடுங்கள். துவைத்து முடித்ததும் ரப்பர் வளையத்தைத் துடைத்துவிட்டு, உள்ளே காற்றுப் படும்படி கதவைச் சிறிது திறந்து வைக்கலாம். சின்னத் தம்பி, தங்கைகள் உள்ள வீட்டில் அவர்கள் அதற்குள் ஏறிவிடாமல் கவனமாக இருங்கள்.

என்ன செல்வங்களே, சின்னச் சின்னக் கோளாறுகள்தான், பார்த்தீர்களா? சல்லடை, வடிகட்டி, குழாய், மூடி, கால் இந்த ஐந்தையும் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பணமும் மிச்சம்; எங்கே கோளாறு என்று அவரிடம் தெளிவாகவும் சொல்லலாம்.

இந்த வேலையில் உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா? 10-ம் வகுப்பு முடித்ததும் ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேரலாம். கை வேலை தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: மெஷினில் துணி போடுமுன் எல்லாச் சட்டைப் பைகளையும் சோதியுங்கள். அப்பாவிடம், ''நம்ம வீட்டுப் பிளக்குல எர்த் கம்பி இருக்கா?'' என்று கேளுங்கள். தெரியாது என்றால், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை விடாதீர்கள்!