வியாதி வீட்டில் விளையாட்டு

வியாதி வந்த வீட்டில் சிரிக்கலாமா? இந்தக் கேள்விக்கு நமது ஊர்களில் யாரும் வாய் திறந்து "கூடாது" என்று பதில் சொல்வதில்லை. ஆனால், ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளிலிருந்து, தெருவிலுள்ளவர்கள் அந்த வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக் கொள்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். உள்ளேயிருந்து தப்பித் தவறி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுவிட்டாலோ, "பாவம், அந்த அம்மாளுக்கு விஷயம் முழுதும் தெரியாது போலிருக்கிறது!" என்று அனுதாபப்பட்டுக்கொண்டே திரும்பிப் போகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் நாம் 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். பொருள் எழுதச் சொல்லி மதிப்பெண்ணும் போடுகிறோம். வள்ளுவர் சொன்னதை அடுத்த வீட்டுக்காரர் நிஜமாகவே செய்து காட்டினால் மட்டும் அது நமக்கு அவ்வளவாக ரஸிப்பதில்லை.

செங்கற்பட்டில் நமக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான ஒரு தம்பதிகள் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம். கணவருக்குக் கணக்கெழுதும் உத்தியோகம். மனைவிக்கு இடது மார்பில் ஒரு கட்டி கண்டது. சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையில் அறுவை முடிந்தது. பிறகு ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றுவது. அதன் பிறகு கதிர்ச் சிகிச்சை. இவ்வளவும் எட்டு மாதத்துக்கு மேல் நீளும் என்று வைத்தியர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்த வைத்தியசாலையைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் தங்கை 1920களில் புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று சரியாகக் கண்டுகொள்வதற்கே காலம் கடந்துவிட்டது. தமக்கையே ஒரு டாக்டராயிருந்தும் கூடப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் மனத்தில் வைத்திருந்தார். 1952-ல் நேருஜி அஸ்திவாரக் கல் நாட்ட, 1954 ஜூன் 18-ந் தேதி பன்னிரண்டே படுக்கைகளுடன் அடையாறு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அவருடைய குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் காலமாகும் வரையில் அந்த வளாகத்தையே தமது வீடாகக் கொண்டிருந்தார். இன்னொரு விஷயம்: 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும்போது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்று முத்துலக்ஷ்மி முன்கூட்டியே வாக்குறுதி வாங்கிக் கொண்டாராம். சமமாக நடத்துவதென்பது வியாதிக் காலத்தில் எத்தனை கஷ்டமான காரியம் என்பதை நமது செங்கற்பட்டுத் தம்பதிகளிடம்தான் நாம் கண்டோம்.

மருந்து ஏற்றுவது இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை. புற்றுநோய் அணுக்கள் வேகமாகப் பெருகுகிறவை; மருந்து அப்படிப் பெருகும் அணுக்களைத் தேடி அழிக்கிறது. ஆனால் மயிர்க்கால், வாயின் உட்தோல், ரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் அணுக்களும் வேகமாகப் பெருகுகிறவைதான். மருந்துக்கு நல்லவர் கெட்டவர் வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகையால் முதல் நாலைந்து நாள் குமட்டலும் அசதியும். ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வரையில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, சாதாரணக் கிருமியும் சண்டைக்கு வரக்கூடிய காலம். மூன்றாவது வாரத்தில் அணுக்கள் மறுபடி தலை தூக்குகின்றன, சாப்பாடு இறங்குகிறது, முகத்தில் களை வருகிறது. உடனே அடுத்த தவணை!

இந்தக் கணக்கைக் கணவர் பிடித்துக் கொண்டார். சுவரில் தொங்கும் காலண்டரில் வர்ணப் பென்சிலால் கோடு போட்டார். முதல் வாரம் 'படுக்கை வாரம்'. இரண்டாவது 'தாயக்கட்டை வாரம்': கூட்டத்துக்குப் போகக் கூடாது, சினிமா கிடையாது, ஜலதோஷத்தோடு வரும் உறவினருக்கு வாசலிலேயே வந்தனம். மூன்றாவது 'கடற்கரை வாரம்'.

தாயக்கட்டை வாரத்தில்தான் முதல் சண்டை வந்தது. மனைவி கெட்டிக்கார ஆட்டக்காரி. ஆனாலும் மூன்று நாள் தொடர்ந்து தாமே ஜயித்துக்கொண்டு வந்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. வெட்ட வேண்டிய காயைக் கணவர் வெட்டவில்லை. எண்ணத் தெரியாதவர் போல ஒரு கட்டம் தள்ளி வைத்திருக்கிறார். கணக்கெழுதிப் பிழைக்கும் மனிதருக்கு ஆறும் ஐந்தும் எத்தனை என்று தெரியாதா? அம்மாள் கட்டத்தையே புரட்டிப் போட்டுவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலே எனக்கு நர்ஸுங்க நிறைய இருக்காங்க. வீட்டிலேயும் ஒரு நர்ஸ் எதுக்கு? என் காயை வெட்டறதுக்கு நீங்கதான் வேணும்!"

நோயாளியைப் பராமரிப்பவர்கள் எல்லாரும் இந்த வார்த்தையைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறோம், கஞ்சி காய்ச்சுகிறோம், தெர்மாமீட்டர் வைக்கிறோம். இதெல்லாம் அவசியந்தான். ஆனால் மெல்ல மெல்லக் கணவன் என்ற ஸ்தானம் காலியாகி, அங்கே ஒரு கம்பௌண்டர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வியாதிக்காரியிடம் தோற்றுக் கொடுப்பதைக் காட்டிலும் பெரிய அவமரியாதை வேறில்லை என்பது அந்த அம்மாளின் கட்சி. மறுநாளிலிருந்து கணவர் இரக்கமில்லாமல் வெட்டினார். அந்த வாரம் தாம் இரண்டே ஆட்டம் ஜயித்ததாக அம்மாள் நம்மிடம் வெகு பெருமையாகச் சொன்னார்.

காப்பி விஷயத்திலும் ஒரு வேடிக்கை. மருந்தின் பலனாக வாயில் எப்போதும் இரும்பைக் கடித்தாற்போன்ற ருசி. காப்பி வாசனையே ஆகவில்லை. கணவரும் தியாகம் செய்து வீட்டில் காப்பியை நிறுத்தினார். தெருக்கோடிக் கடையில் நின்று திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு, துளசி இலையை மென்றுகொண்டு வருவார். எட்டு நாளில் அகப்பட்டுக் கொண்டார். காப்பி பிடிக்காமல் போன மூக்குக்கு மோப்பம் மட்டும் இரட்டிப்பாகியிருந்தது!

அவர்கள் வீட்டு மேஜையில் ஒரு நாள் ஒரு புத்தகத்தைக் கண்டோம். அமெரிக்காவில் நரம்பியல் அறுவை வைத்தியராயிருந்த பால் கலாநிதி எழுதியது. தென்னிந்தியாவிலிருந்து சென்று குடியேறிய வைத்தியர் ஒருவரின் பிள்ளை அவர். மனைவி லூஸியும் டாக்டர். 2013 மே மாதத்தில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலையில், என்று தெரிந்தது. அப்போது வயது முப்பத்தாறு. ஓய்வொழிவில்லாத வேலையினால் அதற்கு முன்பே தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் தோன்றியிருந்ததை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நோய் அவர்களைப் பிரிக்கவில்லை. மறுபடி ஒருவரையொருவர் பார்க்க வைத்தது. நோய்க்கேற்ற மாத்திரை ஒன்று வேலை செய்தது. முகமெல்லாம் சிரங்கு, ஆனால் உடம்பில் பலம். அறுவை மேஜைக்கே திரும்பினார். அந்தச் சமயத்தில்தான் குழந்தை பெற்றுக்கொள்ளவும் தீர்மானித்தார்கள். குழந்தை பிறந்தால் விடைபெறுவது இன்னும் கொடுமையாகுமே என்று மனைவி தயங்கினார். அப்படி ஆனால் அதுவும் நல்லதுதானே என்ற கருத்தில் கணவர் பதில் சொன்னார். 2014 ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. 2015 மார்ச்சில் கலாநிதி காலமானார். புத்தகம் 2016-ல் வெளியாயிற்று. அதன் முடிவுரையில் லூஸி ஒரு குறையைச் சொல்கிறார்: தம் கணவர் எவ்வளவு வேடிக்கையான மனிதர் என்பது இந்தப் பக்கங்களில் முழுதும் வரவில்லையாம். பிரிந்து போன புருஷனைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல அந்தப் பெண்மணி அவருடைய சிரிப்பையும் மறக்கவில்லை.

நிற்க. கடற்கரை வாரத்துக்கு வருவோம்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது ஏற்பாடு. மருந்து ஓடும் உடம்பில் வெயில் சுலபமாகத் தோலைச் சுட்டுவிடும். கையில் கொதித்து ஆறின தண்ணீர், வீட்டில் வேகவைத்த சுண்டல். கடற்கரையில் விற்கும் நறுக்கின மாங்காய்க்கு அம்மாளின் நாக்கு எவ்வளவு ஏங்கினாலும் கிடையாது. அக்குளிலிருந்த நிணநீர்க் கட்டிகளை எடுத்திருப்பதால் இடது கையில் பாரம் தூக்கக் கூடாது. பை கணவர் தோளில். கடலில் குளியல் இல்லை. கால் நனைப்பு மட்டும்.

ஒரு தடவை நம்மையும் அழைத்தார்கள்; சென்றோம். அப்போது அம்மாளின் தலைமுடி முழுவதும் உதிர்ந்திருந்தது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது, பக்கத்து ஆசனத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பாட்டி, "திருப்பதியா, திருத்தணியா?" என்று விசாரித்தாள். "அடையாறு, பாட்டி!" என்றார் அம்மாள். "அங்கே எந்த சாமி?" என்றாள் பாட்டி. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு என்று சொல்லும் பெரும் பாறைச் சிற்பத்தை நேயர்கள் அறிவார்கள். பகீரதன் தபசு என்று வாதிக்கும் பண்டிதர்களும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் தொண்ணூறு அடி நீளத்துக்கு யானைகளையும் தேவர்களையும் நாகர்களையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தபசியை அம்மாள் வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். "பாவம், இவருக்கு மூணாவது தவணை முடிஞ்சிருக்கும் போல. வெள்ளை அணு ரொம்பக் குறைச்சல்" என்றார். யானையின் அருகே ஒரு பூனையும் கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். "நம்ம வீட்டுக்கு உடம்பு விசாரிக்க வர்றவங்களிலே ஒருத்தர் அச்சா இப்படித்தான் நிப்பார்" என்றார். யார் என்று நாம் கேட்கவில்லை. நாமும் விசாரிக்கப் போகிறவர்களில் ஒருவர்தானே!

இவ்வளவும் இன்பமாகவே நடந்ததாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. நாலாவது தவணையின் பத்தாம் நாள் இரவு அம்மாளுக்குக் குளிர் எடுத்தது. தெர்மாமீட்டர் 101 டிகிரி காட்டிற்று. மருந்து ஏற்றும் காலத்தில் 100.4 டிகிரியைத் தாண்டினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. கஷாயம், மாத்திரை என்று வீட்டில் பரீக்ஷை செய்யவும் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நள்ளிரவில் வாடகைக் கார் பிடித்துச் சென்றார்கள். ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து கொடுத்து ஜுரத்தை இறக்கினார்கள்.

தெருவில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "கடற்கரைக் காற்று! சொன்னால் கேட்டால்தானே? உடம்புக்காரி வீட்டில் கிடக்காமல் உல்லாசப் பிரயாணம் என்ன வேண்டிக்கிடக்கிறது?" கடைசியாக மாமல்லபுரம் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஜுரம் வந்தது வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நாளில். அந்த நாளில் வீட்டை விட்டு அடியெடுத்து வைக்காதவர்களுக்கும் அது வருவதுண்டு. வைத்தியர் இதைத் தெளிவாகச் சொல்லி, முடிகிற நாட்களில் நடப்பதும் வெளியே போவதும் அசதியைக் குறைக்கும் என்றும் கூறியிருக்கிறார். எனினும், மனுஷிதானே! தெருப் பேச்சு அம்மாளின் காதில் விழுந்து, "இனிமே ஒண்ணும் வேணாம்" என்று காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். ஆரம்பத்தில் கடற்கரைக்குப் போக அரை மனத்தோடு சம்மதித்தவர் கணவர்தான். இப்போது அவரே ஆணி அடித்துக் காலண்டரை மறுபடி மாட்டினார். "ஊரார் சொன்னதுக்காகப் படுத்துக்கிட்டா, வியாதி ஊராரோடதா ஆயிடுமா?" என்று கேட்டாராம். ஐந்தாவது தவணையின் மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, விடியற்காலைப் பஸ்ஸில் இருவரும் இருந்தார்கள்.

இப்போது மருந்து முடிந்து கதிர்ச் சிகிச்சை நடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள். மொத்தம் பதினைந்து தடவை. கதிருக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிஷம். அதற்காகச் செங்கற்பட்டிலிருந்து மின்சார ரயிலில் கிண்டி வரை சென்று, அங்கிருந்து பஸ்ஸில் அடையாறு போய், மறுபடி திரும்ப வேண்டும். ரயில் புறப்பட்டதும் கொளவாய் ஏரி. அதன் பிறகு தாம்பரம் வரையில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்கள் என்ன உத்தியோகம் என்று ஊகிப்பது இவர்களுடைய புதிய விளையாட்டு. சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லாததால் இருவருமே ஜயிக்கிறார்கள். கதிர் பட்ட அம்மாளிடமிருந்து கதிர் பரவும் என்று பயந்து, உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் கைக்குழந்தையை இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தாள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். விஷயம் தெரிந்த பிறகு குழந்தை பாதிப் பொழுது இவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

கதிர் பட்ட தோலுக்கு உப்புத் தண்ணீரும் வெயிலும் ஆகா. எனவே கடற்கரை இப்போதைக்கு இல்லை. மார்கழியில் வேடந்தாங்கல் போவதாகத் தீர்மானம். மரநிழல் உண்டு, மாலை நாலு மணிக்கு மேல் பறவைகள் கூட்டங் கூட்டமாக ஏரிக்குத் திரும்பும். கணவர் போன வாரம் தொலைநோக்குக் கண்ணாடி ஒன்று இரவல் கேட்டு வந்தார். பள்ளிக்கூடத்துக் கண்ணாடியை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதில் ஒரு பக்கந்தான் சரியாகத் தெரியும். அந்தப் பக்கம் யாருக்கு என்று அவர்களுக்குள் இப்போதே வழக்கு நடக்கிறது.