பெயின்ட் பார்க்காதீர்கள், பிங்க் ஸ்லிப் பாருங்கள்

சிவப்புப் பெயின்ட், பானட் மேல் இரண்டு கறுப்புப் பட்டை, கிரில்லில் ‘எஸ்எஸ்’ என்று ஒரு பேட்ஜ். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கை பரபரக்கிறது. ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் நாற்பதைத் தாண்டிய தமிழ் இன்ஜினீயர்கள் சிலருக்கு அமெரிக்க மசில் கார் மீது வருகிற மோகம் லேசில் தணிவதில்லை. சனி ஞாயிறு ஓட்ட ஒரு பழைய செவெல், ஒரு கமாரோ, ஒரு மஸ்டாங். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. சாவியைத் திருப்பியதும் உறுமுகிற அந்த வி8 இன்ஜினுக்காக எத்தனை செலவும் செய்யலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் மொத்தப் பணத்தையும் கொடுத்து, காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு வந்து, “அண்ணா, டிஎம்வியில டைட்டில் மாத்தமாட்டேங்கிறாங்க, என்ன பண்ணலாம்?” என்று கேட்கிறார்கள். பணம் கையில் இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மசில் கார் என்பது 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓவிலிருந்து சூடுபிடித்து, 1970களின் தொடக்கத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, எண்ணெய் நெருக்கடி என்று அடுத்தடுத்து வந்த அடிகளில் அடங்கிப்போன கதை. அதற்குமேல் வரலாறு இங்கே வேண்டாம். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த வண்டிகள் பலவற்றில் சாதா மாடலுக்கும் விலையுயர்ந்த மாடலுக்கும் இருந்த வித்தியாசம், வாங்கும்போது சேர்த்துக்கொண்ட ஒரு ‘ஆப்ஷன்’ மட்டுமே. அந்த ஆப்ஷனை இன்றைக்கும் எவரும் ஷெட்டில் வைத்துச் சேர்த்துவிடலாம். பேட்ஜ், பட்டை, ஹூட் எல்லாமே புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். இப்படிச் செய்த வண்டிக்குக் ‘குளோன்’ என்று பெயர். குளோன் என்று சொல்லி விற்றால் யாருக்கும் கோபமில்லை. சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று.

வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பர் எவ்வளவு சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1966 முதல் 1968 வரையிலான செவெல் எஸ்எஸ் 396 என்றால் நம்பர் 138 என்று தொடங்க வேண்டும். 1969 செவெலில் எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது. நம்பரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் எஸ்எஸ்ஸா இல்லையா என்று தெரியாது. 1967 முதல் 1969 வரையிலான கமாரோவில் 123 என்றால் ஆறு சிலிண்டர், 124 என்றால் வி8. அதோடு சரி. ஜிடிஓவுக்கு 1966 முதல் 1971 வரை 242. முதல் இரண்டு வருட வண்டிகளில் அதுவும் இல்லை. கிரைஸ்லர் வண்டிகளிலும் ஃபோர்டிலும் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். 1970 பிளிமத் குடாவில் அந்த இடத்தில் ‘ஆர்’ இருந்தால் 426 ஹெமி. வேறு எழுத்து இருந்தால், உள்ளே ஹெமி இருந்தாலும் அது பிறகு வந்து உட்கார்ந்தது.

நம்பர் சொல்லாததைக் காகிதம் சொல்லும். 1967 முதல் வந்த ஃபோர்டுக்கு ‘மார்ட்டி ரிப்போர்ட்’ வாங்கலாம். அது ஃபோர்டின் உற்பத்திப் பதிவிலிருந்தே வருகிறது. பான்டியாக்குக்கு ‘பிஎச்எஸ்’ என்று சொல்லப்படும் ஆவணச் சேவை உண்டு. கிரைஸ்லர் வண்டிகளில் உற்பத்தி வரிசையில் கூடவே வந்த பில்டு ஷீட் பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே பழுப்பேறிச் செருகிக் கிடப்பது உண்டு. சீட்டைத் தூக்கிப் பாருங்கள். செவ்ரலே விஷயத்தில்தான் கஷ்டம். அமெரிக்காவில் விற்ற பெரும்பாலான வண்டிகளுக்குக் கம்பெனியிடம் கேட்டு வாங்கக்கூடிய பதிவு கிடையாது. வாரண்டி புத்தகத்தோடு வந்த ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற சின்ன உலோகத் தகடு, விண்டோ ஸ்டிக்கர், பில்டு ஷீட், இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் எஸ்எஸ் விலை கொடுக்காதீர்கள். மீண்டும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

“மேட்சிங் நம்பர்ஸ் சார்”, அதாவது வண்டியோடு பிறந்த இன்ஜின்தான் என்று விற்பவர் சொன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனியுங்கள். ஸ்மால் பிளாக் செவி இன்ஜினில், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு தட்டையான இடம் இருக்கும். நம்பர் அங்கேதான் அடித்திருப்பார்கள். அந்த இடத்தைத் துடைத்தால், பேக்டரியில் இன்ஜினின் மேல்பாகத்தைச் செதுக்கிய மெல்லிய இணைகோடுகள் எழுத்துக்கு அடியில் தெரிய வேண்டும். கோடுகள் இல்லாமல் வழவழவென்று இருந்தால், இன்ஜினை ரீபில்டு செய்தபோது அந்த இடத்தையும் சீவியிருக்கலாம், அல்லது தேய்த்து எடுத்துவிட்டு இன்னொரு நம்பரை அடித்திருக்கலாம். எது என்று விற்பவர்தான் ரசீதோடு நிரூபிக்க வேண்டும். கையோடு ஒரு பலவீனமான காந்தத்தையும் கொண்டுபோங்கள். பின் சக்கரத்துக்கு மேலே அது ஒட்டாமல் நழுவினால் பெயின்டுக்கு அடியில் இருப்பது தகரமல்ல, பாண்டோ என்ற ஃபில்லர் பூச்சு. ஓடோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தக் காலத்து மீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 32,000 என்பது 1,32,000 ஆகவும் இருக்கலாம்.

இனி டைட்டில். கலிபோர்னியாவில் பிங்க் ஸ்லிப் என்று சொல்கிறோமே, அதுதான். அதில் இருக்கும் பெயரும் உங்களுக்கு விற்பவரின் டிரைவர் லைசென்ஸில் இருக்கும் பெயரும் ஒன்றா? இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். “போன ஓனர் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டார், நான் பேர் மாத்தல, நீங்க நேரா உங்க பேருக்கே மாத்திக்கலாம்” என்பார்கள். அப்படி மாற்ற முடியாது. நடுவில் ஒருவர் விடுபட்டால் அவருடைய விற்பனைக் கடிதமும் கையெழுத்தும் வேண்டும், அவர் ஊரை விட்டுப் போயிருந்தால் தேடி அலைய வேண்டியது நீங்கள். டைட்டிலில் அடித்தல் திருத்தலோ வெள்ளை மையோ இருந்தால் டிஎம்வியின் ரெக் 101 என்ற படிவம் தேவை. கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், அந்தக் கடன் தீர்ந்ததற்கான விடுவிப்புக் கையெழுத்து வேண்டும். அந்த வங்கி எப்போதோ இன்னொரு வங்கியோடு சேர்ந்து காணாமல் போயிருக்கும், அதைக் கண்டுபிடிப்பதும் உங்கள் தலையில்தான்.

டைட்டிலே இல்லாத வண்டி என்றால்? ஜார்ஜியாவில் 1985ஆம் ஆண்டு வரையிலான மாடல்களுக்கு டைட்டில் தேவையில்லை. நியூயார்க்கில் 1972 வரையிலான மாடல்களுக்குப் பதிவுச் சான்றுதான் உரிமைப் பத்திரம். அங்கிருந்து வாங்கினால் அந்தச் சான்றையும் பில் ஆஃப் சேலையும் அசலாக வாங்குங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். டைட்டில் இருக்க வேண்டிய வண்டிக்கு டைட்டில் தொலைந்திருந்தால், விற்பவரே நகல் எடுத்துத் தந்த பிறகு பணம் கொடுங்கள். அதற்கு ரெக் 227. உரிமையை நிரூபிக்கவே முடியாத, 5,000 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள வண்டிக்கு ரெக் 5057 என்ற சூரிட்டி பாண்டு கேட்பார்கள். வெளிமாநில வண்டியைப் பதிவுசெய்ய ரெக் 343 விண்ணப்பம், ரெக் 31 என்ற நேரடிச் சரிபார்ப்பு. வண்டியை நேரில் பார்த்துத்தான் ரெக் 31இல் கையெழுத்து போடுவார்கள். ஆகவே டெட் வண்டியை டிரெய்லரில் ஏற்றி வந்தவர்கள், அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். புகைச் சோதனை பற்றிக் கவலை வேண்டாம், 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அது இல்லை.

வாங்கியவர் பத்து நாளைக்குள் பெயர் மாற்ற வேண்டும். விற்பவர் ஐந்து நாளைக்குள் ரெக் 138 என்ற பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் விட்டால் வாங்கியவன் வாங்கும் பார்க்கிங் டிக்கெட்டெல்லாம் விற்றவர் வீட்டுக்கு வரும். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் நம்மவர்களிடம் இருக்கிறது: வரியை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதுவது, அல்லது ‘கிஃப்ட்’ என்று எழுதுவது. பொய் சொன்னால் தண்டனை என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்து போடுகிறீர்கள் என்பது ஒரு பக்கம். நாளைக்கு அது குளோன் என்று தெரிந்து வழக்குப் போட்டால், 60,000 கொடுத்தேன் என்று நீங்கள் சொல்வீர்கள், உங்கள் காகிதம் 6,000 என்று சொல்லும். நீதிபதி யாரை நம்புவார்?

திருட்டு வண்டி என்றால் காலம் எவ்வளவு கடந்தாலும் காப்பாற்றாது. 1969இல் நியூயார்க்கில் திருடு போன ஒரு 1968 கார்வெட், ஸ்வீடனுக்குக் கப்பலேறப் போகும் நேரத்தில் கலிபோர்னியாவில் சிக்கி, 2006இல் பழைய சொந்தக்காரரிடமே திரும்பிப் போனது. கடைசியாக வாங்கியவருக்கு அந்த வண்டி கிடைக்கவில்லை. வண்டியின் வரலாற்றைச் சொல்லும் கார்ஃபாக்ஸில் தேடினேன், ஒன்றும் வரவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். 17 இலக்க வின் நம்பர் 1981இல்தான் வந்தது, அதற்கு முந்தைய வண்டிகள் அதில் வராது.

ரெஸ்டோர் செய்யும்போது வின் பிளேட்டைக் கழற்றாதீர்கள். பெயின்ட் அடிக்க வசதியாக இருக்கும் என்று ரிவெட்டை உளியால் தட்டி எடுக்கிறார்கள், பளபளப்பான புதிய ரிவெட் போட்டு மாட்டுகிறார்கள். வின் நம்பரைத் திருத்துவதும் அகற்றுவதும் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை தரக்கூடிய ஃபெடரல் குற்றம். பழுதுபார்ப்பதற்கு அவசியமாக இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கை அதிகாரி ஏற்க வேண்டும். கன்சாஸில் ஒருவர் நியாயமாக விலை கொடுத்து வாங்கிய 1959 கார்வெட்டை, முன்பு ரெஸ்டோர் செய்தபோது பிளேட் கழற்றி மாட்டப்பட்டது என்பதற்காக 2017இல் பறிமுதல் செய்தார்கள். திருட்டு வண்டி அல்ல, அவர் குற்றவாளியும் அல்ல என்று தெரிந்தும் நசுக்கி அழிக்கத்தான் வேண்டும் என்று சட்டப் புத்தகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2022இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. உங்களுக்காக எந்தச் சட்டசபையும் கூடாது. பிளேட்டின் மேல் டேப் ஒட்டிப் பெயின்ட் அடியுங்கள்.

இன்ஷூரன்ஸில் ‘அக்ரீடு வேல்யூ’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘ஸ்டேட்டட் வேல்யூ’ என்றால் நீங்கள் சொன்ன தொகைக்கும் சந்தை மதிப்புக்கும் எது குறைவோ அதைத்தான் கொடுப்பார்கள். ஒரே ஒரு வார்த்தை, பாலிசியை எடுத்து இப்போதே பாருங்கள்.

கடைசியாக, மிகவும் அடிபடுகிற இடம்: ரெஸ்டரேஷன் ஷாப். கலிபோர்னியாவில் காசுக்கு வண்டி பழுதுபார்க்கும் கடை, பிஏஆர் எனப்படும் பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்கள் வெப்சைட்டில் கடையின் பெயரைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும். பதிவில்லாத கடைக்குக் கூலி கேட்டு வழக்குப் போடவும் உரிமையில்லை, வண்டியைப் பிடித்துவைக்கவும் உரிமையில்லை. பதிவுள்ள கடையும் எழுத்து மூலம் எஸ்டிமேட் கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது, எஸ்டிமேட்டைத் தாண்டும்போது மறுபடியும் சம்மதம் வாங்க வேண்டும். “பழைய வண்டி சார், பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும், ஆகிற மணி நேரத்துக்குக் கொடுங்க” என்பார்கள். சரி, பிரிப்பதற்கு மட்டும் ஒரு எஸ்டிமேட், பாடி வேலைக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று என்று கட்டம் கட்டமாக வாங்குங்கள். போனில் “சரி, பண்ணுங்க” என்று சொன்னாலும் அது சம்மதம்தான், கடைக்காரர் தேதி, நேரம், உங்கள் பெயர், நம்பர் குறித்துக்கொள்வார். ஆகவே மீட்டிங் நடுவில் போன் வந்தால் “சரி” சொல்லாதீர்கள், தொகையை டெக்ஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

வேலை ஆர்டரில் கையெழுத்து போடும்போதே “கழற்றும் பாகங்கள் அனைத்தும் எனக்குத் திரும்ப வேண்டும்” என்று எழுதுங்கள். பிறகு கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. துருப்பிடித்த பழைய கார்பரேட்டர் குப்பைக்குப் போயிற்று என்பார்கள். அந்த வண்டியோடு பிறந்த கார்பரேட்டருக்குப் புதியதைவிட விலை அதிகம், அது எங்கே போயிற்று என்று கடைக்காரருக்குத் தெரியும்.

தகராறு வந்தால் கத்திப் பயனில்லை. முதலில் பிஏஆரில் ஆன்லைன் புகார், எஸ்டிமேட், இன்வாய்ஸ், டெக்ஸ்ட் நகல்களோடு. அவர்கள் இரண்டு தரப்பையும் பேசவைப்பார்கள், கடையின் பதிவில் கை வைக்கவும் முடியும். ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் நம்மவர்கள் சிலர் மாதக்கணக்கில் பிஏஆரின் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். பணம் வேண்டுமென்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், தனிநபருக்கு 12,500 டாலர் வரை, வக்கீல் தேவையில்லை. படிவம் எஸ்சி-100. அதில் ஏற்கெனவே பணத்தைக் கேட்டுப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆகவே தாக்கல் செய்வதற்கு முன் தொகையும் கெடுவும் குறிப்பிட்டு ஒரு கடிதத்தைச் சான்றளிக்கப்பட்ட தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் வழக்குப் போட நான்கு வருடம் அவகாசம், வாய்ப்பேச்சு மட்டும் என்றால் இரண்டே வருடம்.