பிக்கப்பா, எஸ்.யூ.வி.யா? மணலிடம் கேட்டுப் பாருங்கள்

ரோடு இல்லாத இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் எப்போதும் இரண்டு கட்சி. பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டிதான் சரி என்பார்கள் சிலர். முழுக்க மூடிய எஸ்.யூ.வி.தான் சரி என்பார்கள் மற்றவர்கள். இந்த வழக்கைப் பழவேற்காடு ஏரிக்குக் கொண்டுபோவோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் போதும்.

அங்கே போக இன்னொரு காரணமும் உண்டு. ஏரிக்கு மேற்கே, தடாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் இருக்கிறது. 2016இல் அங்கே திறக்கப்பட்ட இசுசு தொழிற்சாலையிலிருந்து டி-மேக்ஸ் என்ற பிக்கப்பும் வந்தது, எம்யூ-எக்ஸ் என்ற எஸ்.யூ.வி.யும் வந்தது. இரண்டும் அண்ணன் தம்பி. அடியில் தாங்கும் எஃகுச் சட்டம் ஏறக்குறைய ஒன்றேதான். பெரிய வித்தியாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு மேலே, லாரிகளில் இருப்பதுபோல, அடுக்கி வைத்த எஃகுப் பட்டைகள். பாரம் ஏற்றினால் அசையாமல் தாங்கும். காலியாகப் போனால் வண்டி துள்ளும். துள்ளும்போது சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. ஆகவே காலி பிக்கப்பின் பின்சக்கரம் மணலில் சீக்கிரம் வழுக்கும். தண்ணீர் கேன், அடுப்பு, கூடாரம் எல்லாம் ஏற்றிய பிறகு அதே வண்டிக்குப் பிடிப்பு கூடிவிடும். எஸ்.யூ.வி.யில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங். மேடு பள்ளத்துக்கு ஏற்ப இறங்கி ஏறி, சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்கும். ஆனால் உள்ளே இடம் போதவில்லை என்று மூட்டைகளைக் கூரையில் கட்டினால் எடை மேலே போய்விடும். சரிவில் வண்டி கவிழ அதுவே போதும்.

சரி, மணல் என்ன சொல்கிறது? ஒரு செங்கல்லை எடுத்துக் காய்ந்த மணலில் நெட்டாக நிறுத்திக் கையால் அழுத்துங்கள். புதையும். அதையே படுக்க வைத்து அதே பலத்தில் அழுத்துங்கள். அவ்வளவு புதையாது. எடை மாறவில்லை, எடை பரவும் பரப்புதான் மாறியது. அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தால் வருவது.

இப்போது வண்டிக் கணக்கு. 2,000 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.5 கிலோ அழுத்தம். அப்படியானால் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர்தான். உங்கள் பெரிய நோட்டுப் புத்தகத்தில் பாதி! காற்றை 18க்கு இறக்கினால் டயர் சப்பையாகி, தொடும் இடம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், அழுத்தம் பாதியாகும். வெறுங்காலோடு நிற்கும் 35 கிலோ பையன் தரும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோகூட வராது. அவன் ஓடும் மணலில் வண்டி ஏன் புதைகிறது என்று இப்போது தெரிகிறதா?

ரால்ஃப் பேக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920களிலும் 30களிலும் லிபியப் பாலைவனத்தைச் சாதாரண ஃபோர்டு கார்களில் கடந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் வசதி அவற்றில் கிடையாது. டயர் காற்றைக் குறைத்தார். சிக்கினால் சக்கரத்தடியில் இரும்புத் தகடுகளைச் செருகினார். பிறகு 1941இல் மணல் எப்படிப் பறக்கிறது, மேடாகிறது என்று புத்தகமே எழுதினார். பிக்கப்பா, எஸ்.யூ.வி.யா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, காற்று அளக்கும் கருவி இருக்கிறதா என்றுதான். தார் ரோட்டுக்குத் திரும்பும்போது காற்றை மறுபடி நிரப்ப பம்பும் வேண்டும். சப்பை டயரில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

நாலு சக்கர இயக்கம் உதவாதா? உதவும். சாதாரண வண்டியில் ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால் சுழற்சியெல்லாம் அதற்கே போய், பிடிப்புள்ள மறுபக்கச் சக்கரம் சும்மா நிற்கும். நாலும் சுழன்றால் தப்பிக்க வழி கூடுகிறது. ஆனால் புதைந்த பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால் நாலு சக்கரமும் சேர்ந்து குழி தோண்டும், அவ்வளவுதான்.

கடற்கரையில் எந்த மணல் கெட்டி? காய்ந்தது உதிரும். ஈர மணலில் குருணைகளுக்கு நடுவே உள்ள கொஞ்சம் தண்ணீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அலை வந்து போன இடத்தில் பாதத்தை அழுத்திப் பாருங்கள்: காலைச் சுற்றி மணல் திடீரென்று காய்ந்ததுபோல வெளுக்கும். நெருக்கமாக அடைந்த குருணைகள் நகரும்போது இடைவெளி பெரிதாகிறது, மேலே நின்ற தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். அந்த ஈர மணல் கெட்டிதானே என்று வண்டியை அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு அலையும் டயரடி மணலை அரித்துக்கொண்டு போகும். தவிர, ஆண்டின் முதல் மாதங்களில் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். டயர் தடத்தில் விழுந்த குஞ்சு ஏறி வர முடியாமல் தவிக்கும்.

ஏரியோரம் இன்னும் மோசம். கோடையில் நீர் வற்றிய இடத்தில் மேலே உப்புப் பொருக்கு வெள்ளையாகக் காய்ந்திருக்கும், கீழே களிச்சேறு. அதில் இறங்கினால் இரண்டு வண்டிக்கும் ஒரே கதிதான்.

அப்படியானால் ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்கு எதில் போவது? அந்த ஊர்க்காரர்கள் பல காலமாகப் படகில்தான் போய் வந்தார்கள். ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான், பல இடங்களில் அதைவிடக் குறைவு. நம் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஆட்களோடும் வலையோடும் 2,000 கிலோ இருக்கும் படகின் அடிப்பகுதி 8 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 12 சதுர மீட்டர். 2,000 கிலோ எடைக்கு 2 கன மீட்டர் தண்ணீரை விலக்கினால் போதும். இரண்டைப் பன்னிரண்டால் வகுத்தால் 17 சென்டிமீட்டர். படகின் அடி வளைந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். அதுவும் தரை தட்டும் இடத்தில் இன்ஜினைத் தூக்கிவிட்டு நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார்கள்.