செம்பு போன பின்னும் வாழும் துறை
மோர்வெல்ஹாம் சொல்லும் கதை

துறைமுகம் என்றதும் எமது மனக்கண் முன் வருவன கடலும் அலையும் பெரிய கப்பல்களுமே. ஆனால் கடலிலிருந்து இருபது மைல் அளவு உள்ளே, காடு அடர்ந்த மலைச்சரிவின் அடியில், ஆறு ஒன்றின் வளைவில் அமைந்த துறை ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் ரேமர் ஆற்றின் கரையில் உள்ள மோர்வெல்ஹாம் என்ற சிற்றூரே அது. ஒரு காலத்தில் உலகின் செம்பு வியாபாரத்தில் பெயர்பெற்று விளங்கிய இவ்வூர், பின்னர் யாருமே எட்டிப் பாராத இடமாயிற்று. அதன் பின் மீண்டும் உயிர் பெற்றது. இந்த ஏற்றமும் இறக்கமும் எழுச்சியும், கிராமங்களின் வாழ்வில் அக்கறை கொண்ட யாவரும் சிந்திக்க வேண்டியவை.

துறவிகள் தொடங்கிய துறை

ரேமர் ஆறு டெவனையும் கோர்ண்வாலையும் பிரிக்கும் எல்லையாக ஓடி, பிளிமத் நகருக்கு அருகே கடலோடு கலக்கிறது. கடலின் வற்றுப்பெருக்கு ஆற்றின் வழியே வெகுதூரம் உள்ளே ஏறி வரும். மோர்வெல்ஹாமைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் அப்பெருக்கு நின்றுவிடுகிறது. ஆகவே நீர் ஏறும்போது படகு ஏறவும், இறங்கும்போது படகு இறங்கவும் இவ்வூர் இயற்கையாகவே பொருத்தமான இடமாக இருந்தது.

இதை முதலில் பயன்படுத்தியவர்கள் ரவிஸ்ரொக் என்ற ஊரில் இருந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளே. பத்தாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட அவர்களின் மடம் இங்கிருந்து நான்கு மைல் அளவு தூரத்தில் இருந்தது. மேட்டு நிலங்களின் ஊடாகக் கரடுமுரடான பாதையில் பண்டங்களைக் கொண்டு வருவதிலும் பார்க்க, ஆற்றின் வழியாகக் கொண்டு வருவது இலகுவாயிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் வெள்ளீயமும் அதன் பின் ஈயமும் வெள்ளியும் இத்துறை வழியே வெளியே சென்றன. 1539 இல் எட்டாம் ஹென்றி மன்னனின் ஆணையால் மடம் மூடப்பட்டது. அதன் நிலங்கள் ரசல் குடும்பத்தாரின் கைக்கு வந்தன. பின்னாளில் பெட்போர்ட் கோமகன்கள் என அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. இந்நில உரிமை அடுத்து வரும் கதைக்கு மிக முக்கியமானது.

மலையைக் குடைந்த கால்வாய்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரவிஸ்ரொக் பகுதியில் செம்புத் தாது தோண்டும் தொழில் வளரத் தொடங்கியது. தாதுவை ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்வது எப்படி என்பதே பிரச்சினை. ஜோன் ரெயிலர் என்ற இளம் பொறியியலாளர் ஒரு கால்வாய் வெட்டத் திட்டமிட்டார். 1803 இல் வேலை தொடங்கியது. நான்கரை மைல் நீளமான இக்கால்வாயின் பாதையில் ஒரு மலை குறுக்கிட்டது. அதை ஏறத்தாழ ஒன்றரை மைல் தூரம் குடைந்து சுரங்க வழி அமைத்தார்கள். வெடிமருந்தையும் கைக்கருவிகளையும் மட்டும் கொண்டு செய்த வேலை அது. கால்வாய் 1817 இல்தான் திறக்கப்பட்டது.

கால்வாய் முடியும் இடம் துறைக்கு நேர் மேலே 237 அடி உயரத்தில் இருந்தது. அங்கிருந்து சரிவான தண்டவாளம் ஒன்றின் வழியே தாது வண்டிகளைக் கீழே இறக்கினர். வண்டிகளை இழுக்கும் சக்கரத்தைச் சுழற்றியது கால்வாயின் நீரே. கால்வாய் சற்றே சரிவாக வெட்டப்பட்டதால் நீர் மெல்ல ஓடிக்கொண்டேயிருந்தது. அதே நீர் படகையும் சுமந்தது. வழியிலுள்ள சுரங்கங்களின் நீர்ச்சக்கரங்களையும் சுழற்றியது. ஒரு நீரைக் கொண்டு பல வேலை செய்யும் இந்தச் சிக்கனம் எம்மை வியக்க வைக்கிறது.

ஒரு பவுணில் தொடங்கிய செல்வம்

1844 இல் பெட்போர்ட் கோமகனின் காட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு குழுவினர் தோண்டத் தொடங்கினர். 1,024 பங்குகள், பங்கொன்று ஒரு பவுண். அந்த ஆண்டிலேயே மிகவும் வளமான செம்புப் படிவம் ஒன்று அகப்பட்டது. சிறிது காலத்தில் பங்கொன்றின் விலை 800 பவுண் வரை ஏறியது. டெவன் கிறேற் கொன்சோல்ஸ் எனப் பெயர் பெற்ற இச்சுரங்கம், தன் காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்றாக விளங்கியது. அதன் வாழ்நாளில் ஏழு இலட்சம் தொன்னுக்கும் மேலான செம்புத் தாது தோண்டி எடுக்கப்பட்டது. பங்குதாரருக்குப் பத்து இலட்சம் பவுணுக்கும் மேல் இலாபம் சென்றது. நில உரிமையாளரான கோமகனுக்கும் தோண்டிய தாதுவில் ஒரு பங்கு தவறாமல் சென்றது.

இத்தனை தாதுவும் மோர்வெல்ஹாம் துறைக்கே வந்தது. சுரங்கத்திலிருந்து துறைவரை நான்கரை மைல் நீளத்துக்கு இருப்புப் பாதை போடப்பட்டது. 1850களில் 300 தொன் கப்பல்கள் வந்து நிற்கக்கூடிய புதிய பெரிய துறை தோண்டப்பட்டது. அங்கே தாது குவியல் குவியலாகக் கிடந்தது. மண் கலந்துவிடாமல் தாதுவை அள்ளுவதற்காக நிலத்துக்கு ஓடு பதித்திருந்தார்கள். செம்பை உருக்குவதற்கு நிலக்கரி வேண்டும். அது இங்கே இல்லை. ஆகவே தாது கப்பலேறித் தென் வேல்சில் உள்ள சுவான்சீ நகருக்குச் சென்றது. திரும்பி வந்த கப்பல்கள் நிலக்கரியும் மரமும் சுண்ணக்கல்லும் கொண்டுவந்தன. துறையருகே சூளைகளில் சுண்ணக்கல்லைச் சுட்டு, புளிப்பு நிலத்தைத் திருத்துவதற்காக விவசாயிகளுக்கு விற்றனர். இவ்வாறு சுரங்கமும் கப்பலும் வயலும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

உழைத்தவர்களின் பங்கு

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அச்சுரங்கத்தில் வேலை செய்தார்கள். ஆண்கள் இருளில் ஏணிகளில் இறங்கிப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறைத் தூசி நுரையீரலைத் தின்றதால் இளம் வயதிலேயே இறந்தவர் பலர். நிலத்தின் மேலே, தாதுவைச் சுத்தியலால் உடைத்துத் தரம் பிரிக்கும் வேலையைப் பெண்களும் சிறுமிகளும் செய்தார்கள். மழையிலும் குளிரிலும் நாள் முழுவதும் நின்று உழைத்த இப்பெண்களின் பெயர்கள் பங்குதாரர்களின் கணக்குப் புத்தகத்தில் இல்லை. அவர்கள் உடைத்த கல்லின் நிறை மட்டுமே அங்கே உண்டு.

1866 இல் செம்பின் விலை சரிந்தது. வெளிநாடுகளில் புதிய சுரங்கங்கள் திறக்கப்பட்டு மலிவான தாது வரத் தொடங்கியதே காரணம். தென்மேற்கு இங்கிலாந்தின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தென் அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் புலம்பெயர்ந்தன. எந்த நாட்டுச் சுரங்கங்கள் அவர்களின் தொழிலைப் பறித்தனவோ, அதே நாடுகளுக்கே அவர்கள் பிழைப்புத் தேடிச் சென்றார்கள்.

எஞ்சியது நஞ்சு

டெவன் கிறேற் கொன்சோல்ஸ் உடனே மூடப்படவில்லை. செம்போடு கலந்து கிடந்த ஆசனிக்கு, அதாவது பாஷாணம், அதுவரை வேண்டாத கழிவாக இருந்தது. சாயத்துக்கும் கண்ணாடிக்கும், பின்னர் பயிர்ப் பூச்சிகளைக் கொல்வதற்கும் அது தேவைப்பட்டது. தாதுவைச் சுட்டு, எழும் புகையை நீண்ட சுவர்ப் பாதைகளின் ஊடே செலுத்தினார்கள். புகை குளிர்ந்ததும் சுவர்களில் வெள்ளைத் தூள் படிந்தது. தொழிலாளர் உள்ளே சென்று அதைச் சுரண்டி எடுத்தார்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வதே அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு. ஒரு கட்டத்தில் உலகத்துக்குத் தேவையான ஆசனிக்கில் ஏறத்தாழ அரைவாசியை இப்பள்ளத்தாக்கே வழங்கியது எனக் கணக்கிடப்படுகிறது. மிட்டாய் மாவைப் போல் தோன்றும் அந்த வெள்ளைத் தூள், பீப்பாய்களில் அடைக்கப்பட்டு மோர்வெல்ஹாம் துறையில் கப்பலேறியது.

1859 இல் புகையிரதம் ரவிஸ்ரொக்கை எட்டியபோதே துறையின் வீழ்ச்சி தொடங்கிவிட்டது. கால்வாய் வருமானம் இழந்தது. 1901 இல் சுரங்கமும் மூடப்பட்டது. பெரிய துறையைச் சேறு மூடியது. மேலே காட்டில் கழிவு மேடுகள் கிடந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றின் சில பகுதிகளில் புல்கூட முளைக்கவில்லை. செல்வம் வெளியே போயிற்று. நஞ்சு ஊரோடு தங்கிற்று. இதுவே இக்கதையில் எம்மை மிகவும் வருத்தும் பகுதி.

ஆயினும் கால்வாய் முற்றாக வீணாகவில்லை. 1930களில் மோர்வெல்ஹாமில் ஒரு நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. படகு போன வழியால் வந்த நீர், 237 அடி உயரத்திலிருந்து விழுந்து மின்சாரம் தந்தது. முன்னோரின் உழைப்பு ஒரு தலைமுறைக்குப் பயனற்றுப் போனாலும், இன்னொரு தலைமுறைக்குப் புதிய உருவில் கைகொடுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உயிருள்ள நூதனசாலை

1970 இல் மோர்வெல்ஹாமைக் காப்பாற்ற ஒரு தர்மநிதியம் முன்வந்தது. புதர்களை வெட்டி, சேற்றை அகற்றி, சிதைந்த கட்டடங்களைத் திருத்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொருட்களை வைத்துப் பூட்டும் நூதனசாலை அல்ல அவர்கள் எண்ணியது. 1891 இல் சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரில் ஆர்தர் ஹசேலியுஸ் என்பவர் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி நூதனசாலையைத் தொடங்கிய நாள் முதல், பழைய வாழ்வை அது நடந்த விதமாகவே காட்டும் முறை உலகெங்கும் பரவியிருந்தது. மோர்வெல்ஹாமும் அவ்வழியையே பின்பற்றியது.

அங்கே கொல்லன் உலையை ஊதி இரும்பை அடித்தான். பீப்பாய் செய்பவன் பலகையை வளைத்தான். விக்ரோரியா மகாராணி காலத்து உடை அணிந்த பெண்கள் தொழிலாளரின் சிறு வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள். சிறுவர்கள் அக்கால உடையணிந்து ஒரு நாளைக் கழித்தார்கள். பழைய செம்புச் சுரங்கம் ஒன்றின் உள்ளே சிறு புகையிரதத்தில் பார்வையாளரை அழைத்துச் சென்றார்கள். பெட்போர்ட் கோமகனின் இலாபத்தைப் புத்தகத்தில் படிக்கலாம்; ஆனால் சுரங்கத்தின் இருளையும் ஈரத்தையும் உள்ளே போய்த்தான் உணர வேண்டும்.

2006 இல் கோர்ண்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது. மோர்வெல்ஹாமும் அதில் அடங்கும். ஆனால் பட்டம் மட்டும் சம்பளம் கொடுக்காது. பொது நிதி உதவி நின்றதும் 2009 இல் தர்மநிதியம் கடனில் மூழ்கி நிர்வாகத்தை இழந்தது. ஊழியர்கள் வேலை இழந்தார்கள். உலகமே போற்றிய இடம் ஒருமுறை மூடப்பட்டு, 2010 இல் தனியார் ஒருவரின் கைக்கு மாறியது. அக்காலத்தில் அங்கே படமாக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்று இவ்வூரை மீண்டும் மக்களின் நினைவுக்குக் கொண்டுவந்தது.

நாம் கற்க வேண்டியவை

இக்கதையிலிருந்து மூன்று விடயங்களை வாசகர்களின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

முதலாவது, ஒரே பொருளை நம்பிய ஊர் அப்பொருளின் விலையோடு எழும்; அதன் விலையோடு விழும். மோர்வெல்ஹாமின் தலைவிதி அங்கு உழைத்தவர்களின் கையில் இருக்கவில்லை. தூரத்துச் சந்தையிலேயே அது எழுதப்பட்டது.

இரண்டாவது, இலாபக் கணக்கில் மண்ணின் கணக்கும் தொழிலாளரின் உடல்நலக் கணக்கும் சேர்க்கப்பட வேண்டும். பங்குதாரர் தம் பங்கைப் பெற்று ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த மேடுகளில் நஞ்சு இருக்கிறது. அந்தக் கடனை அடைக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் பதில் எழுதப்படவில்லை.

மூன்றாவது, பழமையைக் காப்பதும் ஒரு தொழிலே. அதற்கும் அன்றாடச் செலவு உண்டு, அதிலும் குடும்பங்கள் தங்கி வாழ்கின்றன. ஊர் மக்களின் பங்கும் நிலையான வருமானமும் இல்லாமல், நல்லெண்ணம் ஒன்றை மட்டும் நம்பித் தொடங்கும் முயற்சி நல்லெண்ணத்தோடே நின்றுபோகும்.

பெரியவர்களின் மாளிகைகளைக் காக்க எந்த நாட்டிலும் பணம் கிடைக்கும். தாது உடைத்த பெண்ணின் சுத்தியலையும் பீப்பாய் செய்தவனின் பட்டறையையும் காப்பதற்கே ஆள் தேவைப்படுகிறது. அந்தச் சுத்தியலை ஒரு சிறு பிள்ளை கையில் எடுத்து, அதன் பாரம் தாங்காமல் கீழே வைக்கும்போது, கணக்குப் புத்தகத்தில் பெயரில்லாத ஒருத்தியை அது ஒரு கணம் அறிந்துகொள்கிறது. மோர்வெல்ஹாமைக் காப்பதற்குச் செலவிட்ட உழைப்பின் பயன் இதுவே என நாம் எண்ணுகிறோம்.