தெளிந்த நீரிலும் நைதரசன்

இலங்கை மலைநாட்டிலுள்ள எல்லயின் சரிவுகளில் இறங்கும் நீர், கிரிந்தி ஓயாவைச் சேர்ந்து, வெல்லவாய வழியே லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. இலங்கையில் குழாய்வழிக் கழிவுநீர் வசதி சில நகரங்களுக்கே உண்டு. மலைநாட்டில் ஹோட்டலும் லயன் வீடும் பெரும்பாலும் மலக்குழியையே நம்பியிருக்கின்றன. குழி திண்மத்தைப் பிடித்து வைக்கும். சிறுநீரின் நைதரசனோ அமோனியமாகக் கரைந்து வெளியேறி, மண்ணில் நைத்திரேற்றாகி, ஊற்றுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் நைதரசன் ஏறத்தாழ 4 கிலோ. நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் சிசுவின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என வரம்பிட்டது. எல்லயில் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதானால், நீரைத் தெளியவைப்பதோடு நிற்காமல் நைதரசனை அகற்றும் ஏற்பாடும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவை இருவகை பக்டீரியாக்கள். காற்றூட்டிய தொட்டியில் ஒருவகை அமோனியத்தை நைத்திரேற்றாக்கும். ஒரு கிலோ நைதரசனுக்கு 4.6 கிலோ ஒட்சிசன் செலவாகும், மின்கட்டணம் ஏறுவது இங்கேதான். காற்றில்லாத தொட்டியில் மற்றவகை, நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைப் பறித்துச் சுவாசித்து, நைதரசனை வாயுவாக வெளியேற்றும். ஆனால் அதற்குச் சேதன உணவு வேண்டும். காற்றில்லாத் தொட்டியைக் கடைசியில் வைத்தால், அந்த உணவு முன்னரே தீர்ந்திருக்கும். மெதனோல் வாங்கி ஊற்ற நேரும். 1970களில் தென்னாபிரிக்கப் பொறியியலாளர் ஜேம்ஸ் பார்னார்ட் பரப்பிய முறை இந்த வரிசையை மாற்றியது: காற்றில்லாத் தொட்டி முதலில், காற்றூட்டிய நீரின் பெரும்பகுதி பம்பு மூலம் மீண்டும் அதற்கே. வந்து சேரும் கழிவுநீரே பக்டீரியாவுக்கு உணவாகிறது. செலவான ஒட்சிசனிலும் ஏறத்தாழப் பாதி ஈடாகிறது. நான்கு மடங்கு நீரைத் திருப்பினால், கோட்பாட்டளவில் 80 சதவீத நைதரசன் நீங்கும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் சோர்ந்துபோகும் இந்த உயிரிகள் எல்லயில் ஆண்டு முழுதும் இயங்கும்.

தேயிலைக்குப் போடும் யூரியாவை விட்டுவிட்டு மலசலகூடத்தைக் குறைசொல்வதா என்று கேட்கலாம். யூரியாவும் கரைந்து ஓடுவது உண்மை. ஆனால் மலக்குழிக் கசிவு நிகழ்வது குடிநீர் ஊற்றுக்கு மிக அருகில். இதைவிட வலுவான கேள்வி வேறு: 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடையால் தோட்டங்கள் தவித்த நாட்டில், நைதரசனைக் காற்றில் விடுவது வீண் அல்லவா? சிறுநீரைத் தனியே சேர்க்கும் புதிய மலசலகூடங்களில் அதை உரமாக்குவது நிச்சயம் நல்லது. ஆனால் நகரக் கழிவுநீரில் அது மிக ஐதாக, நோய்க்கிருமிகளோடு கலந்திருக்கிறது. தாழ்வில் சேரும் அந்நீரை மேட்டுத் தேயிலைக்கு ஏற்ற மின்சாரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அதை ஏற்காமல் ஓயாவுக்கே திருப்பி அனுப்பும். உரமாக்க முடியாத அந்தப் பங்குக்கே இத்தொட்டிகள் வேண்டும். கூடுதல் செலவு ஒரு தொட்டி, ஒரு கலக்கி, ஒரு பம்பு. நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்கும் இலக்கை 2019இன் கொழும்புப் பிரகடனம் முன்வைத்தது. அந்த இலக்கு எல்லயையும் சேர்த்தே. ஆகவே புதிய ஹோட்டலுக்கு அனுமதி கொடுக்குமுன், அதன் சுத்திகரிப்பு நிலையம் வெளிவிடப்போகும் நீரில் அமோனியமும் நைத்திரேற்றும் எவ்வளவு இருக்கும் என்று பிரதேச சபை கேட்க வேண்டும்.